மரக்கலம் கரையேறும் காலம்



ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படுகிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்கான காலம் அது. கரையில் இருப்போருக்கோ அது படகைச் செப்பனிடும் காலம். அந்நாள்களில் எங்கள் மத்ரஸாவின் வருகைப் பதிவேடு சற்றே மெலிந்துவிடும். சென்ற தடைக்காலத்தில் நான்கு நாள் வராதிருந்த மாணவர் ஒருவர், ஐந்தாம் நாள் நகக்கண்ணெல்லாம் நீல வண்ணத்துடன் வந்து அமர்ந்தார். காரணம் கேட்டேன்.

"வாப்பா படகைக் கரையேத்திட்டாங்க, ஹஜ்ரத். அடியில கொட்டலசு சுரண்டினோம்."

எங்கே ஏற்றினீர்கள் என்று கேட்டேன். கட்டணம் வாங்கிப் படகேற்றும் தளம் ஒன்று உண்டு. அங்கே ஏற்றினால் அவர்கள் காட்டும் ஆளைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும். அதனால் அவருடைய வாப்பா ஆற்றுமுகத்திற்குப் படகைக் கொண்டுபோயிருக்கிறார். "அங்க சேறு மெத்துன்னு இருக்கும், ஹஜ்ரத். படகுக்கு அடிபடாது. வேலைய நாங்களே செஞ்சுக்கலாம்."

அன்றைய பாடம் ஸூரத்துல் கமர். நூஹ் (அலை) அவர்களின் மரக்கலத்தை அல்லாஹ் அதன் பெயரால் குறிப்பிடாமல், பலகைகளையும் 'துஸுர்' என்பவற்றையும் உடையது என்று குறிப்பிடும் 13ஆம் வசனம். 'துஸுர்' என்றால் என்ன என்பதில் விரிவுரையாளர்களிடையே பல கருத்துகள் உள்ளன. ஆணிகள் என்பது பெரும்பாலோர் கூற்று. மரக்கலத்தின் முன்பாகம் என்றோரும் உளர். அரபு அகராதியாளரோ, பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் பதிவுசெய்துள்ளனர். இந்த மூன்றாவது பொருளைச் சொன்னபோது வகுப்பில் சிரிப்பு எழுந்தது. கயிற்றால் தைத்த கப்பல் கடலில் நிற்குமா என்பது அவர்களின் ஐயம். நீலவிரல் மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப வருசா வருசம் கயிற மாத்தணுமே ஹஜ்ரத், எங்க வச்சு மாத்துவாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. பிறகு நூல்களைப் புரட்டித் திரட்டியதை இங்கே எழுதுகிறேன்.

இந்தியப் பெருங்கடலில் நம் முன்னோர் கப்பலோட்டியது காற்றின் கணக்கில். தென்மேற்குக் காற்று ஒரு பாதி ஆண்டு, வடகிழக்குக் காற்று மறுபாதி. குறித்த காலம் என்னும் பொருளுடைய 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'மான்சூன்' எனத் திரிந்தது. தென்மேற்குக் காற்று முழு வேகத்தில் அடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இந்தியாவின் மேற்குக் கரைத் துறைமுகங்கள் அடைபட்டுவிடும். மாலுமிகள் இதனைக் கடல் மூடும் காலம் என்றனர். அரபு நூல்களிலும் போர்த்துக்கீசியக் குறிப்புகளிலும் இந்த மழைக்காலமே 'குளிர்காலம்' எனக் குறிக்கப்படுவதைக் காணலாம். பனியோ உறைந்த நீரோ அங்கில்லை. கப்பல் கட்டுண்டு கிடக்கும் பருவம் எதுவோ அதுவே அவர்களுக்குக் குளிர்காலம். மலபாரின் குளிர்காலம் ஜூனில் தொடங்கியது என்று படிக்கும்போது இதனை நினைவில் கொள்ள வேண்டும். இல்லையேல் மொழிபெயர்ப்பாளர் பிழை செய்தார் என்று எண்ணத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன்.

இக்கடலின் கப்பல்கள் ஏன் ஆணியின்றித் தைக்கப்பட்டன? ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மஸ்ஊதி, உப்பு நீர் இரும்பை அரித்துவிடுவதே காரணம் என்கிறார். கடலடியில் காந்தமலை இருந்து ஆணிகளைப் பிடுங்கிவிடும் என்ற கதையும் நெடுங்காலம் உலவியது. அதைக் கதையாகவே விட்டுவிடுவோம். இப்னு ஜுபைர் சொல்லும் பயன் நம்பத் தகுந்தது: பவளப்பாறைகள் நிறைந்த கடலில், இறுக்கமாக ஆணியடித்த பலகை மோதினால் பிளந்துவிடும், எண்ணெய் ஊறி நெகிழ்ந்த மரமோ சற்றே வளைந்து கொடுக்கும்.

ஆனால் நெகிழ்வுக்கு ஒரு விலை உண்டு. தேங்காய் நார்க்கயிறு இற்றுப்போகும். தையல் துளைகள் வழியாக நீர் கசியும். அவற்றை அடைக்க எண்ணெயும் கொழுப்பும் வேண்டும். ஸீராஃப் நகரத்து அபூ ஸைத், திமிங்கிலத்தின் கொழுப்பை உருக்கி வேறு பொருள்களுடன் கலந்து தைத்த கப்பல்களின் பொருத்துவாய்களில் பூசுவதை எழுதியிருக்கிறார். இப்னு ஜுபைர் நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் என மூன்றைக் குறிப்பிட்டு, சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். நீர்மட்டத்திற்குக் கீழே சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் குழைத்துப் பூசும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. இப்பூச்சின் முதல் எதிரி கப்பல்புழு. பெயர் புழுவாயினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். மரத்தைத் துளைத்து உள்ளேயே வாழ்ந்து, வெளியே ஊசிமுனையளவு துளையை மட்டும் காட்டும். பார்வைக்குப் பலகை முழுமையாக இருக்கும். கைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். அலை அடிக்கும் நாளில்தான் உண்மை வெளிப்படும்.

ஆகவே கப்பலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீரிலிருந்து எடுத்து அடியைப் பார்க்காமல் இருக்க இயலாது. ஒன்பதாம் ஹிஜ்ரி நூற்றாண்டின் மாபெரும் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், தம் 'கிதாபுல் ஃபவாயித்' நூலில் முஅல்லிமுக்கு, அதாவது கப்பலின் வழிகாட்டிக்கு, உரிய கடமைகளைப் பேசும்போது, கப்பல் கரையில் இருக்கும்போதே அதன் குறைகளை ஆராய்ந்தறிவதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறார். விண்மீன்களை அளக்கும் கலையில் ஒப்பற்றவராக இருந்தவர் பலகையின் ஓட்டையையும் தம் துறையின் பகுதியாகவே கருதினார் என்பது எனக்கு வியப்பளித்தது.

வேலையைச் செய்தவர் யார்? பெரும்பாலும் கப்பலின் ஆட்களே. கலப்பற்று வேலைக்குத் தனிக் கைவினைஞர் இருந்தனர். வளைகுடாவில் அவர்களைக் 'கல்லாஃப்' என்பர்; தமிழில் வழங்கும் 'கலப்பற்று' போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல், இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சுரண்டுதல், கயிறு திரித்தல், எண்ணெய் பூசுதல் ஆகியவற்றைக் கப்பலோடு வந்தவர்களே செய்தனர். இதன் உச்சத்தை அபூ ஸைதிடம் காண்கிறோம். ஓமான் நாட்டினர் தச்சுக் கருவிகளுடன் தென்னை வளரும் தீவுகளுக்குச் செல்வர். தென்னையை வெட்டி உலர்த்திப் பலகையாக்குவர். அதன் நாரைத் திரித்து அப்பலகைகளைத் தைப்பர். பாய்மரமும் பாயும் அதே மரத்திலிருந்து. இறுதியில் தேங்காயையே சரக்காக ஏற்றித் திரும்புவர். ஒரு மரம், சில கருவிகள், சில கைகள். அத்தீவே அவர்களின் கப்பல் தளம்.

இவ்வளவு வேலையும் நடக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? மாணவரின் கேள்வி இங்கேதான் நிற்கிறது. இதற்கு இப்னு பதூதாவின் பயண நூலில் ஒரு சிறு வாக்கியம் விடை தருகிறது. 1342ஆம் ஆண்டு வாக்கில் மலபார் கரை வழியே சென்ற அவர், ஃபந்தரய்னா என்னும் ஊரைப் பற்றி எழுதுகையில், சீனக் கப்பல்கள் குளிர்காலத்தைக் கழிப்பது இவ்வூரில்தான் என்கிறார். இன்றைய கொயிலாண்டியை ஒட்டிய பந்தலாயினிக் கொல்லமே அது. கள்ளிக்கோட்டைக்கு வடக்கே சற்றேறக்குறைய 25 கிலோமீட்டர்.

கள்ளிக்கோட்டை உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. இப்னு பதூதா சென்றபோது அங்கே பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றன. பின் ஏன் குளிர்காலத்திற்கு மட்டும் வேறோர் ஊர்? காரணம் தரையில் இருக்கிறது. கள்ளிக்கோட்டைக்கு முன்னே விரிவது திறந்த கடல். பந்தலாயினிக்கு முன்னே கடலடியில் சேற்றுத்திட்டு இருந்தது. மலபார் கரையின் சில இடங்களில் மழைக்காலத்தில் நுண்ணிய சேறு கலங்கி நீரில் மிதக்கும்போது, அது அலையின் வலுவை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அந்த இடம் மட்டும் குளம்போல் கிடக்கும். இன்றும் ஆலப்புழைப் பகுதி மீனவர் இதனைச் 'சாகரா' என்று கொண்டாடுகின்றனர். அத்தகைய இடத்தில் நங்கூரம் உறுதியாய்ப் பிடிக்கும். கப்பல் தரைதட்டினாலும் அடி உடையாது.

இது பாடப்புத்தகத்துக்கான நுணுக்கம் என்று கடந்து சென்றுவிட முடியாதபடி இப்னு பதூதாவின் வாழ்விலேயே ஒரு நிகழ்வு உண்டு. டில்லி சுல்தானின் பரிசுப் பொருள்களுடன் சீனா செல்ல அவர் கள்ளிக்கோட்டையில் கப்பலேறவிருந்தார். அவருடைய பொருள்களும் உடன் வந்தோரும் ஏறிவிட்டனர். ஜும்ஆத் தொழுகைக்காக அவர் மட்டும் கரையில் தங்கினார். சனிக்கிழமை கடல் பொங்கியது. படகு விட இயலவில்லை. பரிசுப் பொருள்களைச் சுமந்த பெரிய கப்பலைக் காற்று கரையில் மோதி உடைத்தது. அதில் இருந்தோர் மடிந்தனர். அவருடைய உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல், இதைக் கண்டு, பாய்விரித்து அகன்றது. தொழுகை விரிப்பும் பத்துப் பொற்காசுகளும் கையுமாக அவர் கரையில் நின்றார். திறந்த கரை எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1498 மே மாதத்தில், வாஸ்கோட காமா அதே கரைக்கு வந்தார். அவர் முதலில் நங்கூரமிட்டது காப்பாட்டுக்கு முன்னே. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. சாமூதிரி மன்னர் ஒரு வழிகாட்டியை அனுப்பி, கப்பல்களைப் பந்தலாயினிக்கு எடுத்துச்செல்லச் சொன்னார். நீங்கள் நிற்கும் இடம் கல்தரை, கெட்டது. அங்கே தரை நல்லது. இந்நாட்டுக்கு வரும் கப்பல்கள் காப்புக்காக அங்கே நிற்பதே வழக்கம் என்பது அவர் தெரிவித்த செய்தியின் சாரம். வந்தவர்கள் பின்னாளில் இக்கரைக்கு என்ன செய்தனர் என்பதை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்களின் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' எழுதிவைத்திருக்கிறது. ஆயினும் அன்று சாமூதிரி, வந்தவர் யார் என்று முழுதும் அறியாமலே, அவர்களின் கப்பலின் அடிப்பலகைக்கு நலம் நினைத்தார்.

தரை மட்டும் போதாது. ஒதுங்கும் கப்பலின் சொத்து யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. மலபாரின் மற்ற இடங்களில் உடைந்த கப்பலிலிருந்து மீட்கப்படுவது அரசுக் கருவூலத்துக்குப் போகும். கள்ளிக்கோட்டையிலோ அது உரியவருக்கே விடப்படும். அந்நகரம் செழித்தது இதனால்தான் என்று இப்னு பதூதா கூறுகிறார். ஆக, ஒரு நாகுதா கரையைத் தேர்ந்தெடுக்கும்போது சேற்றையும் பார்த்தான், சட்டத்தையும் பார்த்தான். நீதி நன்றாயிருக்கும் கரையில் தரை கெட்டது. தரை நன்றாயிருக்கும் கரை சற்றுத் தள்ளி. கள்ளிக்கோட்டையில் வணிகம், பந்தலாயினியில் தங்கல் என்று அவர்கள் பகுத்துக்கொண்டதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாவதாக நீர். ஆற்றுமுகத்தில் மழைக்கால வெள்ளம் உப்பைக் குறைத்துவிடும். நன்னீரில் கப்பல்புழு வாழாது. சாலியாறு கடல்சேரும் பேப்பூரில் மரக்கலத் தொழில் வேரூன்றியதற்கு, மலையிலிருந்து ஆற்றில் மிதந்து வரும் தேக்கும் அயினியும் முதற்காரணம். அந்நீரும் ஒரு துணை. அங்குள்ள மாப்பிள்ளைக் கலாசிகள், கப்பித் திருகையும் உருளைக் கட்டைகளும் கயிறும் கொண்டு பெரும் உருக்களைக் கரையேற்றும் ஆற்றலுக்குப் பேர்போனவர்கள். 1988இல் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் வீழ்ந்த ரயில் பெட்டிகளை மீட்கவும் அவர்களே அழைக்கப்பட்டனர். குஞ்ஞாலி மரைக்காயர்களின் கோட்டையும் ஓர் ஆற்றுமுகத்திலேயே இருந்தது. ஆழம் தேவைப்படும் போர்த்துக்கீசியக் கப்பல்கள் நுழைய முடியாத இடத்தில் அவர்களின் சிறு கலங்கள் ஒதுங்கின.

நான்காவது, தங்குவோருக்கான ஊர். மூன்று மாதம் கப்பல் கிடந்தால் மனிதரும் கிடக்க வேண்டும். பந்தலாயினியில் முஸ்லிம்களுக்கு மூன்று மஹல்லாக்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளிவாசல். ஜும்ஆப் பள்ளி கடற்கரையிலேயே, கடலை நோக்கிய இருக்கைகளுடன் அமைந்திருந்தது. காழியும் கதீபுமாக இருந்தவர் ஓமான் நாட்டவர் என்று இப்னு பதூதா எழுதுகிறார். மலபாரின் ஒரு சிற்றூருக்கு ஓமானிலிருந்து காழி வந்தது ஏன் என்று நான் முன்பு வியந்ததுண்டு. கப்பல்கள் ஒதுங்கும் ஊர் என்பதை அறிந்தபின் வியப்பு நீங்கியது. கூலித் தகராறு, பங்குக் கணக்கு, ஜனாஸா, நிகாஹ் எல்லாம் அந்த மழை மாதங்களில் அங்கேதானே நடந்திருக்கும்!

இவையெல்லாம் கவனமாகச் செய்தவர்களின் கதை. கவனமின்மையின் கதையும் நம் வரலாற்றில் உண்டு. அதை மறைப்பது முறையன்று. 1183இல் இப்னு ஜுபைர் ஹஜ்ஜுக்காகச் செங்கடலின் ஐதாப் துறைக்கு வந்தார். அங்கிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் செல்லும் 'ஜல்பா' என்னும் தைத்த கப்பல்களின் மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை. பாய் கூட மரத்தின் இலையால் முடைந்தது. உரிமையாளர்களோ ஹாஜிகளைக் கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் ஒருவர்மேல் ஒருவராக ஏற்றினர். ஒரே பயணத்தில் கப்பலின் விலையை எடுத்துவிட்டால் பிறகு கடல் அதை என்ன செய்தாலும் கவலையில்லை என்பது அவர்கள் கணக்கு. பலகைக்கு நாங்கள் பொறுப்பு, உயிருக்கு ஹாஜிகளே பொறுப்பு என்ற பொருளில் அவர்களிடையே ஒரு சொலவடையே வழங்கியதாக அவர் மனம் வெதும்பி எழுதுகிறார். உண்மையில் பலகைக்கும் அவர்கள் பொறுப்பேற்கவில்லை.

மார்க்கச் சட்டம் இதைக் காணாமல் இல்லை. ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ, 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் முஹ்தஸிபின் பணிகளைக் கூறுமிடத்தில், கப்பல்காரர் அளவுக்கு மீறி ஏற்றுவதையும் கடுங்காற்றில் புறப்படுவதையும் அவர் தடுக்கலாம் என்கிறார். ஐதாபில் சட்டம் தெரிந்தவர் இல்லாமல் போகவில்லை. தடுக்கும் கை இல்லாமல் போயிற்று.

வளைகுடாவின் கதை வேறு. குவைத்தில் கடலோரம் நெடுகக் கல்லால் தடுப்பெழுப்பி 'நிக்ஆ' என்னும் தேக்கங்களை அமைத்திருந்தனர். ஏற்றத்தில் கப்பல் உள்ளே வரும். வற்றத்தில் சேற்றில் அமரும். ஆப்பிரிக்காவுக்கும் மலபாருக்கும் சென்று திரும்பிய பெருங்கலங்கள் கோடையில் அங்கே கிடக்கும். வெயில் பலகையைப் பிளக்காமலிருக்கப் பாய்களால் மூடிவைப்பர். 1938இன் இறுதியில் ஏடனில் ஒரு குவைத்துக் கப்பலில் ஏறி, ஆப்பிரிக்கா சென்று, மறு ஆண்டு குவைத் வந்து சேர்ந்த ஆஸ்திரேலிய மாலுமி ஆலன் வில்லியர்ஸ், கப்பலாட்கள் வற்றத்தின்போது அடியைச் சுரண்டி, கொழுப்பும் சுண்ணமும் குழைத்த பூச்சை வெறுங்கையாலேயே தடவியதை எழுதியிருக்கிறார். அடுத்த ஏற்றம் வருமுன் முடிக்க வேண்டிய வேலை அது. நாகுதாவும் நின்று பார்ப்பார். தூரிகைக்கு எட்டாத பிளவு விரலுக்கு எட்டும்.

நம் சோழமண்டலக் கரைக்கு வருவோமாயின், பருவம் தலைகீழ்; இங்கே அஞ்சத்தக்கது ஐப்பசி, கார்த்திகையின் வாடைக்காற்று. ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகமும் இக்கரையில் அரிது. ஐரோப்பியப் போர்க்கப்பல்கள் அக்காலத்தில் திருகோணமலையையோ பம்பாயையோ நாடியதும் இதனால்தான். சிறுகலங்களுக்குக் கழியும் காயலுமே புகலிடம். அந்த மாணவருடைய வாப்பா ஆற்றுமுகச் சேற்றைத் தேர்ந்தபோது எந்த நூலையும் பார்க்கவில்லை. பந்தலாயினியை அறிந்தவருமல்லர்.

தைத்த கப்பல் கடலில் நிற்குமா என்று சிரித்த மாணவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. 1980இல் ஓமானின் ஸூர் நகரில், மலபார் அயினி மரத்தால், லட்சத்தீவிலிருந்து வந்த கயிற்றுத் தொழிலாளரின் கைகளால், பலகைகளை ஆணியின்றித் தைத்து 'ஸுஹார்' என்ற கப்பல் கட்டப்பட்டது. அது மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு 1981 ஜூலையில் சீனாவின் கான்டன் துறையை அடைந்தது.

அடுத்த வாரம் ஸூரத்துல் கஹ்ஃபில் கப்பலின் பகுதிக்கு வந்தோம். கடலில் உழைத்த ஏழைகளின் கப்பல் அது. நல்ல கப்பல்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசனிடமிருந்து காக்க, களிர் (அலை) அதில் ஓர் ஊறு செய்தார்கள். வசனம் அதோடு நிற்கிறது. ஸஹீஹுல் புகாரியின் அறிவிப்பில் மேலும் ஒரு செய்தி இருக்கிறது: அரசனைக் கடந்துபோனபின் அவர்கள் அதைச் சரிசெய்து பயன்படுத்திக்கொண்டார்கள். கண்ணாடிக் குடுவையால் அடைத்தார்கள் என்பார் சிலர், கீலால் அடைத்தார்கள் என்பார் சிலர். இதை வாசித்ததும் நான் நீலவிரல் மாணவரைப் பார்த்தேன். விரல்கள் இப்போது வெளுத்திருந்தன. படகு கடலுக்குப் போய்விட்டது.

"கீலாத்தான் இருக்கும், ஹஜ்ரத்" என்றார் அவர், சற்றும் தயங்காமல்.

வஸ்ஸலாம்.